தமிழ் நிரல் நூலகங்களின் கோப்புச் சோதனைகள் விண்டோஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும்

தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நிரல்மொழி நூலகங்களை, அதாவது பிறர் தம் நிரல்களில் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு, வணக்கம்.

சொற்பிழை திருத்தம், சொல் பிரிப்பு, எழுத்து எண்ணிக்கை ஆகியவற்றுக்கு நீங்கள் ஊதியமின்றி எழுதித் தந்த நூலகங்களை நம்பியே என்னைப் போன்றோரின் அன்றாட வேலை நடக்கிறது. அவற்றில் புணர்ச்சி விதிகளுக்கான சோதனைகளில் தெரியும் அக்கறை, அகராதிக் கோப்பைத் திறந்து படிக்கும் நான்கு வரிகளுக்கான சோதனைகளில் தெரிவதில்லை. அந்த நான்கு வரிகளும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறாக நடந்துகொள்வதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் முறையே குறியாக்கம். அதைக் குறிப்பிடாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள் இயங்குதளத்தின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் அது பொதுவாக, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8. ஆங்கிலத்தில் நிறுவிய விண்டோஸில் பெரும்பாலும், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். புள்ளி 224, 175, 141 என்றும், உகரக் குறி 224, 175, 129 என்றும் அமையும். விண்டோஸ்-1252இல் 141, 129 ஆகிய இரண்டு இடங்களும் காலியானவை. ஆகவே ‘கடல்’ என்ற சொல் உள்ள கோப்பைப் படிக்கும்போது பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. ‘மலை’ என்ற சொல்லிலோ அத்தகைய பைட் எதுவும் இல்லாததால், பிழை எதுவும் எழாமல் ஒன்பது அயல் குறிகள் உரையாக உள்ளே வந்துவிடுகின்றன. இரண்டில் ஆபத்தானது பின்னதே. அகராதியில் சொல் இல்லை என்று நூலகம் அமைதியாகச் சொல்லிவிட, பயனர் தன் சொல்லையே சந்தேகிக்கிறார்.

இதை உங்கள் சோதனைகள் ஏன் பிடிப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கோப்பைத் திறக்கும் செயற்கூற்றுக்குப் பதிலாக மாக் எனப்படும் போலிச் செயற்கூறு ஒன்றை வைத்துச் சோதித்தால், அது கொடுத்த சரத்தை அப்படியே திருப்பித் தருகிறது. பைட்டுகளை எழுத்துகளாக்கும் படி அங்கே நிகழ்வதே இல்லை. எழுதியதையே திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனையும் போதாது. விண்டோஸில் உரைநிலையில் எழுதும்போது வரிமுடிவு இரண்டு பைட்டுகளாகி, படிக்கும்போது மீண்டும் ஒன்றாகிவிடுவதால், வட்டில் உள்ள கோப்பு மாறியிருந்தும் சோதனை வெற்றி பெறுகிறது.

கோப்புப் பெயர்களிலும் இதே நிலைதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, ‘கோவில்’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஏகாரக் குறியாகவும் துணைக்காலாகவும் பிரித்துச் சேமிக்கும். ஆறு குறிகள் ஏழாகிவிடும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பை, குறி பிரியாத வடிவில் எழுதிய பெயரால் திறக்க முயன்றால், அப்படியொரு கோப்பே இல்லை என்று வரும். திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றாகவே தெரியும் என்பதால் காரணம் எளிதில் பிடிபடாது. ஐரோப்பிய மொழிகளுக்காக எழுதப்பட்ட சோதனைத் தொகுப்புகளில் இந்தத் தமிழ்க் குறிகளை யாரும் நமக்காகச் சேர்த்து வைக்கப் போவதில்லை.

பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8 இயல்பாகிறது, ஜாவாவும் 2022இல் 18ஆம் பதிப்பிலேயே அந்த மாற்றத்தைச் செய்துவிட்டது, எனவே சற்றுப் பொறுத்தால் போதும் என்று சிலர் கருதலாம். பள்ளி, அலுவலகக் கணினிகளில் பழைய பதிப்புகள் பல ஆண்டுகள் நீடிக்கும். வரிமுடிவையும் கோப்புப் பெயரையும் அந்த மாற்றம் தொடுவதுமில்லை.

எனவே கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்; விடுபட்ட இடங்களைக் கண்டுபிடிக்க, பைத்தான் 3.10 முதல் உள்ள குறியாக்க எச்சரிக்கையைச் சோதனையின்போது இயக்குங்கள். தற்காலிகக் கோப்புறையில் உண்மையான கோப்பை உருவாக்கி, எழுதிய பைட்டுகளையே ஒப்பிடுங்கள். சோதனைத் தரவில் ‘கடல்’, ‘மலை’ இரண்டும் இருக்கட்டும். கோப்புப் பெயரில் ‘கோவில்’ இரு வடிவங்களிலும் இருக்கட்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், பொதுக் களஞ்சியங்களுக்கு விண்டோஸ், மேக் கணினிகளைக் கட்டணமின்றித் தருவதால், மூன்று தளங்களிலும் சோதனையை ஓட்டுவதற்கு அமைவுக் கோப்பில் சில வரிகளே கூடுதலாகத் தேவைப்படும். அந்த வரிகளையும் முதல் சோதனைகளையும் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன். உங்கள் களஞ்சியங்களில் மாற்றக் கோரிக்கையாக அனுப்புகிறேன், பரிசீலியுங்கள்.

மதிப்புடன்,
உங்கள் நூலகங்களின் பயனர் ஒருவர்