எந்தெந்த வடிவங்கள் என்று கேட்காமல் விட்டால்

ஆசிரியருக்கு,

பிரௌனியன் இயக்கம் (நீரில் மிதக்கும் துகளின் தற்செயலான அலைச்சல்) பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். அதன் பாதை எங்கும் அறுபடாது என்று பொதுவாகச் சொன்ன இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். நேரத்தை வைத்துப் பார்த்தால் சரிதான். கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1923-லேயே அதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். நேரத்துக்குப் பதில் வடிவங்களை வைத்தால்?

ஒரு சதுரம். அதற்குள் வரையும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு தற்செயல் எண்: சராசரி சுழி, பரவற்படி (எண் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) அந்த வடிவத்தின் பரப்பளவு. ஒன்றன்மேல் ஒன்று விழாத வடிவங்களின் எண்கள் ஒன்றையொன்று சாராதவை. அப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாகச் சேர்த்தால் அவற்றின் எண்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வடிவத்தைத் துளி மாற்றினால் எண்ணும் துளிதான் மாறுமா? 'துளி' என்றால் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டு வடிவங்களும் ஒத்துப்போகாத இடத்தின் பரப்பளவைத் தூரமாகக் கொள்வது வழக்கம். இடவியல் (எது எதற்கு அருகில் என்பதைப் பேசும் கணிதம்) உள்ளே நுழைவது இங்கேதான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டார். "மாறாமல் என்ன, துளிதான் மாறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். தப்பு. செவ்வகங்களும் குவிந்த வடிவங்களும் (வட்டம்போல உட்குழிவு இல்லாதவை) மட்டும் என்றால் என் பதில் சரி. படிக்கட்டு வடிவங்களைச் சேர்த்தால் (ஒரு புள்ளி உள்ளே என்றால் அதற்கு இடப்புறமும் கீழேயும் இருப்பதெல்லாம் உள்ளே) எல்லாம் சரிந்துவிடும்.

அன்றிரவு கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். படிக்கட்டு வடிவங்களில் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணின் சராசரி 'ம' என்று வைப்போம். சதுரத்தை நான்காகப் பிரித்து, இடது கீழ்க் கட்டத்தைச் சேர்த்து, வலது மேல் கட்டத்தை விட்டுவிடுங்கள். மீதி இரண்டு கட்டங்களிலும் இஷ்டப்படி படிக்கட்டு போடலாம். எண்களின் அளவு பரப்பளவின் வர்க்கமூலத்தை, அதாவது பக்கத்தைப் பொறுத்தது; பக்கம் பாதி என்பதால் ஒவ்வொன்றும் பாதி 'ம' தரும். இரண்டும் சேர்ந்தால் முழு 'ம'. இந்த ஒரு வழியிலேயே 'ம' வந்துவிட்டது! ஆனால் சில சமயம் முழுச் சதுரத்தையும் அப்படியே எடுப்பது இதைவிட லாபம். அப்புறம் 'ம' தன்னைவிடவே பெரிதாக வேண்டும். ஆக, அது எந்த எல்லைக்கும் அடங்காது. எண்கள் இப்படி எல்லையின்றி ஏறினால், துளி மாற்றத்துக்குத் துளிதான் மாறும் என்பதும் நிற்காது. நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கணிதவியலாளர் ரிச்சர்ட் டட்லி 1973-லேயே நிறுவியதுதான்.

கட்டுரையில் 'நேரத்தைப் பொறுத்தவரை' என்று இரண்டு சொற்கள் சேர்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்