இணையத்தில் எழுதுவோர் உழைப்பு எங்கே வீணாகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

விடாமல் எழுதினால் வாசகர்கள் தானாக வருவார்கள் என்றுதான் வலைப்பதிவு தொடங்குவோருக்கு எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் எழுதியும் எட்டிப்பார்க்க ஆளில்லாமல் போனால், தமக்கு எழுத வரவில்லை என்று அவர்களே முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். பல நேரம் எழுத்தில் குறையே இருக்காது. அது தேடுபவர் கண்ணில் பட்டிருக்காது.

தலைப்பைப் பாருங்கள். நெற்பயிரின் குலைநோய் பற்றி அருமையாக எழுதிவிட்டு ‘பசுமையின் கண்ணீர்’ என்று பெயர் வைத்தால், ‘நெல் குலை நோய் மருந்து’ என்று கூகுளில் தட்டும் விவசாயிக்கு அது எப்படிக் கிடைக்கும்? தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் தேடல் முடிவில் தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். பயிரின் பெயரும் நோயின் பெயரும் முதல் நான்கைந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும்.

அடுத்தது பக்கத்தின் இணைய முகவரி. வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பே முகவரியாகும்போது, கணினி தமிழ் எழுத்தைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்துகளாக விரிகிறது. ‘கொ’ என்பது இரண்டு குறியீடு, ஆக 18. முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு வரம்பு 200 எழுத்து. 22 குறியீடுகளோடு அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகள் வரிசைகட்டி நிற்கும். வைரஸோ என்று பயந்து பலர் தொடவே மாட்டார்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரிலோ தமிழ்த் தலைப்பு முகவரியில் வராது; வெறும் ‘பிளாக்-போஸ்ட்’ என்றுதான் விழும். இரண்டிலும் வெளியிடும் முன்பே ‘பெர்மாலிங்க்’ பகுதியில் ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரி கொடுத்துவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். ‘எ’ வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான ‘௭’ பலர் பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. கன்ட்ரோல் எஃப் அழுத்தி ‘எப்படி’ என்று தேடிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல் அகப்படாவிட்டால் இதுதான் காரணமாக இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை, இன்று இணையத்துக்குப் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு மாற்றாமல் ஒட்டினால், ‘அம்மா’ என்பது தேடுபொறிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் போய்ச் சேரும்.

நம் பக்கம் தேடலில் எத்தனை முறை, எந்த இடத்தில் தோன்றியது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். பக்கம் தேடலில் தோன்றியும் கிளிக் இல்லை, சராசரி இடமும் முதல் பத்துக்குள் என்றால் தலைப்பை மாற்றுங்கள். இடம் 40 என்றால் யாரும் அவ்வளவு கீழே வருவதில்லை. தோன்றவே இல்லை என்றால், கூகுள் அந்தப் பக்கத்தைப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தனையும் செய்தும் வராமல் போகலாம். பெரிய செய்தித் தளங்கள் மேலிடங்களை அடைத்துக்கொள்ளும் சினிமா, அரசியல் போன்ற தலைப்புகளில் தனி ஆள் முன்னேறுவது கடினம். ஒரு சிற்றூர்க் கல்வெட்டைத் தேடுவோர் ஆண்டுக்கு ஒரு சிலரே இருப்பார்கள். அதனால் அந்தக் கட்டுரை மதிப்பிழந்துவிடாது. வலைப்பக்கத்தில் விளம்பரம் போட்டு எழுதுவோருக்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018-ல்தான். அதற்கு முன்பு தமிழில் எழுதிக் குவித்தவர்களுக்கு அந்த விளம்பர வருவாய் எட்டாமல் போனதில் அவர்கள் உழைப்பின் குறை என்ன இருக்கிறது?

கல்லூரித் தமிழ்த் துறைகளும் நூலகங்களும் நடத்தும் எழுத்துப் பயிலரங்குகளில் கதை, கவிதைக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை நாளையாவது தலைப்பு, முகவரி, யூனிகோடு ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். மாணவர்களின் சொந்தப் பதிவுகளையே திரையில் திறந்து திருத்திக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி