ரோடு டவுனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? சட்டப் படிப்பு முடிந்ததும் இங்கே ஏதாவது வக்கீல் ஆபீஸில் சேர முடியுமா என்று தம்பி கேட்டிருந்தான். இத்தனை சின்னத் தீவில் இவ்வளவு பெரிய வக்கீல் ஆபீஸ்கள் எப்படி வந்தன என்று நீங்களும் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. காலமெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

முதலில் ஊர். கரீபியன் கடலில் இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலே 30,000 சொச்சம் பேர்தான். நான் இருக்கும் ரோடு டவுன் இதில் டோர்டோலா என்ற தீவில். தீவு முழுக்க மலை. ஆறு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் ஒரு தொட்டி கட்டி, கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக அதில் இறக்குகிறார்கள். குளிக்க, துவைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். நாலு நாள் மழை இல்லையென்றால் தொட்டி மூடியைத் திறந்து மட்டம் பார்க்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி, ஆனால் செலாவணி 1959 முதல் அமெரிக்க டாலர். பக்கத்திலேயே அமெரிக்காவின் செயின்ட் தாமஸ் தீவு. இங்கத்திய ஆட்கள் படகேறிப் போய் வேலை செய்ததெல்லாம் அங்கேதான்.

இந்த ஊரில் 1960-இல் ஹரால்ட் ஹார்னி என்பவர் வக்கீல் ஆபீஸ் திறந்தார். அப்போது நம் ஊர்போல நிலப் பத்திரம், உயில் என்றுதான் வேலை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு நெவில் வெஸ்ட்வுட்டும் மைக்கேல் ரீகல்ஸும் சேர, ஆபீஸின் பெயர் ஹார்னி வெஸ்ட்வுட் அண்ட் ரீகல்ஸ் ஆயிற்று. இன்று சுருக்கமாக ஹார்னீஸ்.

அந்த ஆபீஸை வளர்த்தது ஒரு கேஸ் இல்லை அப்பா, ஒரு சட்டம். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமலிருக்க அமெரிக்காவோடு இருந்த இரட்டை வரி ஒப்பந்தத்தை நம்பித்தான் இங்கே கம்பெனிகள் பதிவாகிக்கொண்டிருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பிழைப்பே போய்விடும் நிலை. அப்போது ஹார்னீஸ் வக்கீல்களும், அட்டர்னி ஜெனரல் லூயிஸ் ஹண்ட்டும், பால் பட்லர் என்ற நியூயார்க் வக்கீலும் சேர்ந்து உட்கார்ந்து புதுச் சட்டம் ஒன்றை வரைந்தார்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கம்பெனிச் சட்டத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு, இன்னும் எளிதாக்கினார்கள். ஒரே இயக்குநர் போதும். வெளிநாட்டில் செய்யும் வியாபாரத்துக்கு இங்கே வரி இல்லை. கம்பெனி துவங்கப் பெரிய சடங்கு இல்லை. 1984-இல் சர்வதேச வணிகக் கம்பெனிகள் சட்டம் என்று அது நிறைவேறியது. கட்சிக்காரருக்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டும் வக்கீல்களைப் பார்த்திருக்கிறோம். புத்தகத்தையே எழுதிக் கொடுத்த வக்கீல்களை எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

சட்டம் வந்த உடனே கூட்டம் வரவில்லை. 1989 கடைசியில் அமெரிக்கப் படை பனாமாவுக்குள் நுழைந்தது. அதுவரை அங்கே கம்பெனி வைத்திருந்தவர்கள் பயந்து வேறு இடம் தேடினார்கள். அதே சமயத்தில், 1997-இல் சீனாவிடம் போகவிருந்த ஹாங்காங் வியாபாரிகளும் சொத்தைப் பத்திரமான பெயரில் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் இங்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ளூரில் ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட், அதாவது பதிவு பெற்ற பிரதிநிதி, இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆக, ஒரு கம்பெனி பதிவானால் அது இருக்கும்வரை ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஆபீஸுக்கு வேலை. ஹார்னீஸுக்கு இன்று லண்டன், ஹாங்காங், ஷாங்காய், சிங்கப்பூர், கேமன் என்று பல இடங்களில் கிளை. அரசாங்க வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தத் தொழிலிலிருந்துதான். இங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதில்தான் நடக்கின்றன.

நான் வேலை பார்ப்பது வேறோர் ஆபீஸில், கணக்குப் பிரிவில். கம்பெனி ஒன்றுக்கு ஒரு ஃபைல்: பதிவுச் சான்றிதழ், சாசனம், இயக்குநர் பட்டியல், உண்மையான சொந்தக்காரரின் பாஸ்போர்ட் நகல், அவர் வீட்டு முகவரிக்கு அத்தாட்சியாக ஒரு கரண்ட் பில். ஆண்டுக் கட்டணத்துக்கு மே கடைசி, நவம்பர் கடைசி என்று இரண்டு கெடு. அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குப் போன் பண்ணக்கூட நேரம் இருப்பதில்லை, கோபப்படாதீர்கள்.

இது நேர்மையான பிழைப்புதானா என்று அம்மா கேட்டாள் அல்லவா? நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாட்டுக்காரர்கள் கூட்டாகத் தொழில் செய்யவும், கப்பல் வாங்கவும், பொதுவான ஒரு சட்டத்தின் கீழ் கம்பெனி வேண்டியிருக்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சொந்தக்காரர் பெயரே தெரியாமல் பங்குப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறவரே முதலாளி என்று விட்டு வைத்தது தப்புதான். 2016-இல் பனாமா ஆவணங்கள் என்று ஒரு பனாமா வக்கீல் ஆபீஸின் ரகசியக் கோப்புகள் வெளியானபோது, அதிலிருந்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்தத் தீவில் பதிவானவை. அந்தக் கரண்ட் பில்லை நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்குவது அதனால்தான்.

2017 செப்டம்பர் 6-ஆம் தேதி அடித்த இர்மா புயலைப் பற்றி இங்கே இன்னும் பேசுகிறார்கள். கூரை போன வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் கெட்டுப்போயிற்று. இங்கத்திய வணிக நீதிமன்றமும் புயலுக்குப் பிறகு கொஞ்ச காலம் செயின்ட் லூசியா என்ற வேறொரு கரீபியன் தீவில் உட்கார்ந்து வழக்கு நடத்தியது. அந்த நீதிமன்றம் 2009-இல் வந்தது. கம்பெனிச் சண்டைகள் அங்கே வருவதால் வழக்காடும் வக்கீல்களுக்கும் இப்போது நல்ல கிராக்கி. கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு! 1949 வரை நம் வழக்குகள் போன அதே இடம். உங்கள் சீனியர் பழைய பிரிவி கவுன்சில் தீர்ப்புகளைப் படித்துக் காட்டுவார் என்பீர்களே, அந்த வரிசையில் இன்று டோர்டோலா வழக்குகளும் சேர்கின்றன.

சரி, தம்பி விஷயம். நம் ஊர் பி.எல். மட்டும் வைத்து இங்கே வக்கீலாகப் பதிய முடியாது. இங்கிலாந்துத் தகுதியோ கரீபியன் தகுதியோ வேண்டும். வேலை அனுமதியும் ஆபீஸ்தான் வாங்கித் தர வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை, அது நியாயமும்கூட. அதனால் அவன் முதலில் சென்னையில் கம்பெனிச் சட்டம் பார்க்கும் நல்ல சீனியரிடம் சேரட்டும். அப்புறம் இங்கிலாந்து சொலிசிட்டர் தேர்வை எழுதட்டும், கட்டணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். எந்த சீனியரிடம் சேர்க்கலாம் என்று நீங்கள் விசாரித்து எழுதுங்கள். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்