பத்து ஷில்லிங் நோட்டும் என் வாயும்

லெஸ்டர்

அன்புள்ள ராமு,

நான்கு மாத மௌனத்துக்கு முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு படி. முழங்கால் தேவலாம். சம்பந்தி வந்துபோனார்; சீட்டாட்டத்தில் இன்னும் அதே திருட்டுத்தனம்.

என்னை எழுத வைத்தது என் வாய்தான். பழைய நோட்டுகள் மேல் எனக்குள்ள பைத்தியம் உனக்குத் தெரியும். (நீ வைத்த 'காகிதம் தின்னும் கழுதை'யை என் மனைவி இன்னும் விடவில்லை.) போன வாரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பத்து ஷில்லிங் நோட்டை எடுத்துக் காட்டினார். 1958-இல் நிச்சயதார்த்தத்தன்று கணவர் கொடுத்ததாம். அரைப் பவுண்டு. அந்தக் காலத்தில் சின்னத் தொகையா? 1970 நவம்பரில் அது செல்லாமல் போனபோதும் மாற்றவில்லை. இங்கிலாந்து வங்கி இன்றும் வாங்கிக்கொள்ளும். கொடுப்பது ஐம்பது பென்ஸ்.

வாங்கிப் பார்த்தால் ராணியின் முகம்! இங்கிலாந்து வங்கி தன் நோட்டில் முடிசூடியவரின் படத்தைப் போட்டதே 1960-இல்தான், அதுவும் ஒரு பவுண்டில். பத்து ஷில்லிங்குக்கு 1961. அதற்கு முன் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்தான். போதாததற்குக் கையொப்பம் ஃபோர்டுடையது. நோட்டில் கையொப்பமிடும் தலைமைக் காசாளராக அவர் ஆனதே 1966-இல்.

பேசாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தேனா? வகுப்பில் கையைத் தூக்கும் பையன்போல அத்தனையையும் ஒப்பித்தேன். பாட்டி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் எப்போதோ எடுத்துச் செலவழித்துவிட்டு, வேறொன்றை வைத்திருக்கிறார். சொல்லவே இல்லையே" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கணவர் போய்ப் பதினோரு ஆண்டாகிறது. இனி யாரைக் கேட்பார்?

அன்றிலிருந்து என்னைத் தேநீருக்குக் கூப்பிடவில்லை. என் ஆல்பத்தில் செம்பழுப்பு நிறத்தில், பிரிட்டானியா போட்ட பத்து ஷில்லிங் ஒன்று இருக்கிறது. அப்போதைய தலைமைக் காசாளர் ஓ'பிரையன் கையொப்பம், 1958-க்குச் சரியாகப் பொருந்தும். மடிப்புகூட இல்லை. கொண்டுபோய்க் கொடுக்கலாமா? "உன் நோட்டு பொய், இதோ அசல்" என்று மறுபடியும் குத்துவதாகிவிடுமா? இரண்டு நாளாக உறையில் போடுகிறேன், எடுக்கிறேன். மனைவியைக் கேட்டேன்; நோட்டை வைத்துவிட்டு வெறும் கேக்கோடு போ என்கிறாள்.

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. சிரித்துவிட்டு எழுது, பரவாயில்லை.

உன்
மணி