லேப்டாப்போடு ஒரு கீபோர்டும் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 மார்ச் ஊரடங்கில் சாப்பாட்டு மேசைக்கு வந்த அலுவலக வேலை, பல வீடுகளில் இன்னும் அங்கேயேதான் நடக்கிறது. கூடவே கழுத்துப் பிடிப்பும் தோள்பட்டை வலியும் தங்கிவிட்டன. தைலமும் வெந்நீர் ஒத்தடமும் அன்றைக்குக் கேட்கும். மறுநாள் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்தால் வலி திரும்பத்தான் செய்யும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வாகாக வைத்தால் திரை தாழ்ந்துவிடும், கண்ணுக்கு நேராகத் தூக்கினால் கை அந்தரத்தில் நிற்கும். தலையின் எடை கிட்டத்தட்ட 5 கிலோ. அது முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கும்வரை சிரமமில்லை. முன்னால் குனிந்தால், அது சரியாமல் பிடித்துக்கொள்ளப் பிடரித் தசைகள் மணிக்கணக்கில் இறுகியே நிற்க வேண்டும். வலி அங்கிருந்துதான் வருகிறது.

தனி கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. லேப்டாப் கொடுக்கும் நிறுவனங்கள் இவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கேட்டு வாங்க ஊழியர்களும் தயங்க வேண்டாம்.

அவை வந்ததும் லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள்மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். பெரும்பாலும் 5 முதல் 7 அங்குலம் தேவைப்படும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் போதும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதியைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வேறு வலி வரும். கீபோர்டு வாங்காமல் புத்தகத்தை மட்டும் அடுக்கி, உயரத்திலிருக்கும் லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்வது குனிவதைவிட மோசம்.

அடுத்தது மேசை. சாப்பாட்டு மேசை 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம் இருக்கும். ஐந்தேகால் அடி உயரமுள்ளவர் உட்கார்ந்தால் முழங்கை மேசைக்கு ஏறக்குறைய 3 அங்குலம் கீழே நிற்கும். அதை ஈடுகட்டத் தோளைத் தூக்கியபடியே வேலை செய்கிறார்கள். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உட்காருங்கள். தலையணை அமுங்கிவிடும், உதவாது. இப்போது கால் தரையில் படாது என்பதால், கீழே ஒரு மனைப்பலகையைப் போட்டுக்கொள்ள வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கால் தொங்கினால் நாற்காலி விளிம்பு தொடையின் அடிப்பாகத்தை அழுத்தும். இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு ஒன்று இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலிக்கு அது அவசியம்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். போன் வந்தால் நடந்துகொண்டே பேசலாம். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால் கண் உலரும். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தால் எரிச்சல் இன்னும் கூடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரமானாலும் சரி.

விரல் மரத்துப்போனால் எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவது காரணமாக இருக்கலாம். முதலில் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். வலி கழுத்திலிருந்து கைக்கு ஓடினாலோ, பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஊடேதான் செல்கின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
திருச்சி