பொங்கலுக்கு ‘பக்லீஸ்’தான்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். பொங்கலுக்கு வருகிறாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய், போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று கேட்டு அழ ஆரம்பித்துவிடுவாள் என்றுதான் எழுதுகிறேன். லீவு கிடைக்கவில்லை.

போன வாரம் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு குடோன் சூப்பர்வைசரிடம் போனேன். ஃபோர்க்லிஃப்ட்டை விட்டு இறங்காமலே தேதியைப் பார்த்துவிட்டு, “பக்லீஸ், மேட்” என்றார். சரி, பக்லி என்று ஒருத்தர்தான் லீவு பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானும் மாடிக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் மிஸ்டர் பக்லி எந்த ரூம் என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் காபி கீபோர்டில் சிந்திவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டேதான் விளக்கினாள்: நடக்கவே நடக்காது என்பதற்கு இந்த ஆஸ்திரேலியாக்காரர்கள் பேச்சாம் அது. நம் குதிரைக்கொம்பு.

ஆனால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஆள் இருந்திருக்கிறான். வில்லியம் பக்லி, இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கைதி. 1803 டிசம்பரில், மெல்போர்னுக்குத் தெற்கே இப்போது சொரண்டோ இருக்கிற பக்கம், முகாமிலிருந்து ஓடிவிட்டான். கூட ஓடியவர்கள் பாதியில் திரும்ப, இவன் மட்டும் கடலோரமாகவே நடந்திருக்கிறான். யாருடைய சமாதியிலோ நட்டிருந்த ஈட்டியைப் பிடுங்கி ஊன்றிக்கொண்டு வந்தவனை, செத்துப்போன தங்கள் ஆள்தான் திரும்பி வந்துவிட்டான் என்று வாத்தாராங் பழங்குடி மக்கள் சேர்த்துக்கொண்டார்களாம். 32 வருஷம் அவர்களோடு இருந்தான்! 1835இல் வெள்ளைக்காரர்கள் வந்திறங்கியபோது எதிரே போய் நின்றவனுக்கு இங்கிலீஷ் மறந்துபோயிருந்தது. ரொட்டியை நீட்டியதும் ‘ப்ரெட்’ என்ற ஒரு சொல் மட்டும் திரும்ப வந்ததாம். எனக்கு அந்த இடம்தான் என்னவோ செய்தது. அப்புறம் மன்னிப்புக் கிடைத்து, எழுபதைத் தாண்டி வாழ்ந்துதான் செத்தான். பிழைத்தவன் பெயரைப் போய் இதற்கு வைத்திருக்கிறார்கள் பார்.

இல்லை, மெல்போர்ன் பர்க் தெருவில் அந்தக் காலத்தில் இருந்த ‘பக்லி அண்ட் நன்’ என்ற துணிக்கடையிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். ‘உனக்கு ரெண்டே வழி, ஒன்று பக்லி, இன்னொன்று நன்’. நன் என்பது இங்கிலீஷில் ‘ஒன்றுமில்லை’ என்றும் காதில் விழும், அதுதான் சிலேடையாம். காளமேகத்தைப் படித்துவிட்டு இதற்கெல்லாம் எப்படிச் சிரிப்பது?

இப்படி நிறைய வைத்திருக்கிறார்கள். வேலை சொதப்பினால் பேரிக்காய் வடிவமாகிவிட்டது என்பார்கள். தேறாத காரியத்துக்கு, நரகத்தில் பனி உருண்டை. நான் விடாமல் மறுநாளும் போய்க் கேட்டதற்கு, செத்த குதிரையைச் சாட்டையால் அடிக்காதே என்றார் சூப்பர்வைசர். நம் ஊரில் மண்குதிரை ஆற்றில் கரைகிறது, இங்கே செத்த குதிரைக்கு அடி. எங்கே போனாலும் குதிரை பாடுதான் பாவம்.

டிசம்பர், ஜனவரியில் ஒருத்தரையும் விடமாட்டார்களாம். அதனால் பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் கேட்டிருக்கிறேன். தலையை ஆட்டினார், கையெழுத்து இன்னும் போடவில்லை. சாஸ்தா கோயிலுக்கு நானும் வருவேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே. கையெழுத்து விழுந்ததும் டிக்கெட் போட்டுவிட்டு நானே போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
தம்பி