எங்கள் சேமிப்பைப் பூட்டாதீர்கள்: கிராமத்து வங்கி மேலாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில், மழையை நம்பி விதைக்கிற ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவள் நான்.

சென்ற மாதம் நானும் குழுவின் பிரதிநிதிகள் இருவரும் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். ஐந்து இலட்ச ரூபாய் கடன் கேட்டிருந்தோம். காலை பத்து மணிக்குப் போனவர்களை மூன்று மணிக்கு உள்ளே அழைத்தார்கள். மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் யாரும் கூட வரவில்லையா?" பிறகு, உறுப்பினர் ஒருத்தியின் கணவர் வாங்கிய டிராக்டர் கடன் நிலுவையில் இருப்பதால் குழுவுக்குக் கொடுப்பது சிரமம் என்றார். கொடுத்தாலும், சேமிப்புக் கணக்கில் உள்ள எண்பதாயிரத்தைக் கடன் முடியும்வரை தொடக் கூடாது என்றார். கோபமாக அல்ல, வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிற குரலில். பக்கத்து ஊர்க் குழுக்களைக் கேட்டேன். வேறு வேறு கிளைகளில் அவர்களுக்கும் இதே பதில்தான். அதனால் ஒருவர்மீது புகார் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த எண்பதாயிரம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2001-ல் பதினாறு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 20 ரூபாய். புளி தட்டிக் கொட்டை எடுத்த கூலியிலிருந்தும், கொள்ளு விற்ற காசிலிருந்தும் ஒதுக்கியது. ஆறாவது மாதம் கையில் 1,920 ரூபாய் இருந்தது. அதில் 1,500 ரூபாயை எங்களில் ஒருத்திக்கு முதல் உள்கடனாக, அதாவது குழுவுக்குள்ளேயே கொடுக்கிற கடனாக, கொடுத்தோம். நூற்றுக்குப் பத்து வட்டியில் அடகுக்குப் போயிருந்த கம்மலை அந்தப் பெண் மீட்டாள். குழுவுக்கு அவள் கட்டியது நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டு ரூபாயும் எங்கள் பதினாறு பேரின் பொதுப் பணத்தில்தான் சேர்ந்தது, வெளியே போகவில்லை. இன்று ஆளுக்கு 200 ரூபாய் கட்டுகிறோம். முதல் பதினாறு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் அவர்களுடைய மருமகள்கள் உட்காருகிறார்கள்.

இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றால், சாவு வீட்டுச் செலவு என்றால் நாங்கள் கை நீட்டுகிற இடம் இந்தப் பணம்தான். உங்களுக்கு அது கடனுக்கு ஈடாகத் தெரிகிறது. அதைப் பூட்டினால் எங்கள் உள்கடன் நின்றுபோகிறது. உள்கடன் நின்ற குழு மாதக் கூட்டத்துக்கு எதற்காகக் கூடும்?

இந்திய ரிசர்வ் வங்கி 2021-ல் மகளிர் குழுக்களுக்கான பிணையில்லாக் கடன் வரம்பை 10 இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, கடன் கொடுக்கும்போது வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. ஓரிரு உறுப்பினர்களோ அவர்கள் குடும்பத்தாரோ கடன் பாக்கி வைத்திருந்தால், அதைக் காரணம் காட்டிக் குழுவுக்கே கடன் மறுப்பது வழக்கமாகக் கூடாது என்பதும் விதிதான். இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. கணவரின் டிராக்டருக்கு மனைவியின் குழுவில் உள்ள பதினைந்து பெண்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

நீங்கள் "பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்த வாரத்திலேயே நுண்கடன் நிறுவனத்து ஆள் ஒருவர் இருசக்கர வாகனத்தில் எங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறார். ஆதார் அட்டையும் ஒரு புகைப்படமும் போதும், சில நாளில் பணம். அதையும் "குழுக் கடன்" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். ஆனால் அங்கே சேமிப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் குழு. உங்களிடம் மூன்று இலட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் கிடைக்க வேண்டிய கடனுக்கு அங்கே 20 சதவீதத்துக்கு மேல் கட்டுகிறார்கள். ஒரு வாரக் கடனை அடைக்க இன்னொரு வாரக் கடன் வாங்கி, கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது.

உங்கள் பக்கத்துச் சிரமமும் தெரியும். ஆள் குறைவு, அடிக்கடி இடமாற்றம், சிலருக்குத் தமிழே புதிது. எங்களிலும் தவறு உண்டு. கூட்டம் நடத்தாமலே வருகையை நிரப்பிய குழுக்கள் உண்டு. தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்திவைத்தவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கடன் கொடுக்குமுன் குழுவை மதிப்பிடுகிற தரம் பிரித்தல் இருக்கிறது. நோட்டைப் பாருங்கள், தவறிய குழுவுக்கு மறுத்துவிடுங்கள். நோட்டைத் திறந்தே பார்க்காமல் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-ல்தான் கொண்டுவந்தது. களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்த மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளைக்கு டெல்லியில் விருது கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் வணக்கம் எதிர்பார்க்கவில்லை. வந்தால் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் எங்களைக் கேளுங்கள்.

எங்கள் விண்ணப்பம் இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. ஆறு பேருக்குக் கறவை மாடு, நான்கு பேருக்கு ஆடு, இருவருக்குத் தையல் இயந்திரம், மற்ற நால்வருக்கு நிலக்கடலை விதையும் உழவுக் கூலியும். யாருக்கு எவ்வளவு என்று பதினாறு பேரும் கையெழுத்திட்ட தீர்மானம் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மாடும் ஆடும் தையல் இயந்திரமும் ஒரு மாதம் பொறுக்கும். ஆடிப்பட்டம் பொறுக்காது.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்ட மகளிர் குழு ஒன்றில் கணக்கு எழுதுகிறவள்